வழக்கமில்லை என்று சொல்லும்போது எதைக் காக்கிறார்கள்?

குமரி மாவட்டத்துக் களியக்காவிளைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “எங்கள் குடும்பக் கோயிலில் உண்டியலுக்குப் பக்கத்தில் க்யூ.ஆர். கோடு ஒட்டியபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்.இ.டி. விளக்கு வந்தது, மோட்டாரில் ஓடும் மேளம் வந்தது, எல்லாவற்றுக்கும் சரி என்றார்கள். போன கொடை விழாவுக்கு முன்னால் கமிட்டியில் இரண்டு பெண்களைச் சேர்க்கலாமே என்றேன். ‘அது நம்ம வழக்கமில்லை’ என்று கூட்டமே எழுந்துவிட்டது. மாற்றம் என்றால் சமூகத்துக்கு ஏன் இவ்வளவு பயம்?”

தம்பி, உங்கள் கேள்விக்குள்ளேயே பாதிப் பதில் இருக்கிறது. க்யூ.ஆர். கோடும் புதுசுதான். அதைக் கண்டு யாரும் பயப்படவில்லையே. அதனால் சமூகம் புதுமைக்குப் பயப்படுகிறது என்று தொடங்கினால் வழி தவறிவிடும். நான் பள்ளியில் சமூக அறிவியல் எடுத்தவன். விளவங்கோடு தாலுகாவில் பிறந்து, கல்குளம் தாலுகாவில் வேலை பார்த்து, இப்போது ஓய்வில் இருக்கிறேன். இந்த மண்ணில் நடந்த மாற்றங்களை வைத்தே எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். ஒரு மாற்றம் பொருளை மட்டும் மாற்றினால் நம் ஆட்கள் ஆச்சரியப்படும் வேகத்தில் ஏற்றுக்கொள்வார்கள். யார் எங்கே உட்கார்வது, யார் யாருக்கு ஒதுங்குவது என்பதை அது மாற்றினால், மூன்று தலைமுறை ஆனாலும் விடமாட்டார்கள்.

முதலில் மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு. குமரி மாவட்டத்தில் இதைவிடப் பழைய சாப்பாடு உண்டா என்று யாரைக் கேட்டாலும் இல்லை என்பார்கள். என் பாட்டியும் அப்படித்தான். முற்றத்தில் கால் நீட்டி உட்கார்ந்து, கத்தி முனையால் தோலில் ஒரு கீறல் போட்டு, ஒரே இழுப்பில் சுற்றிலும் உரித்து எடுப்பாள். முதல் தண்ணீர் கொதித்ததும் வடித்துக் கொட்டிவிடுவாள். அந்தக் கிழங்கில் நஞ்சு உண்டு, கசப்புக் கிழங்கென்றால் இன்னும் கூடுதல். இரண்டாவது தண்ணீரில்தான் உப்புப் போடுவாள். தேங்காய், பச்சை மிளகாய், பூண்டு, சீரகம் எல்லாம் கொரகொரப்பாக அரைத்துப் போட்டு அகப்பைக் காம்பால் மயக்கி, சாளைக் குழம்போடு வைப்பாள். “மக்களே, இது நமக்க பண்டேயுள்ள சாப்பாடாக்கும்” என்பாள்.

அந்தக் கிழங்கு தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. போர்ச்சுக்கீசியர் வழியாக மலையாளக் கரைக்கு வந்து, அன்று குமரியும் சேர்ந்திருந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் பரவலானது விசாகம் திருநாள் மகாராஜா காலத்தில். அவர் ஆண்டது 1880 முதல் 1885 வரை. நஞ்சு என்று மக்கள் தயங்கியபோது அரண்மனையிலேயே சமைத்துப் பரிமாறச் சொன்னார் என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, பாட்டி பிறந்தது 1896-ல். அவள் பிறப்பதற்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்புதான் ஊரில் பரவிய ஒரு கிழங்கு, அவள் வாயில் ‘பண்டேயுள்ளது’ ஆகிவிட்டது. 1942-ல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போய் அரிசிக் கப்பல் நின்றதும், இந்த ஊர்களைப் பட்டினியிலிருந்து காத்தது அந்தக் கிழங்குதான். அதற்குப் பிறகு மரச்சீனி வெளியூர்ச் சரக்கு என்று யார் சொன்னாலும் நம்ப ஆள் கிடைக்காது. ரப்பரும் இப்படித்தான் வந்தது, மங்களூர் ஓடும் இப்படித்தான் வந்தது. பேச்சிப்பாறை அணை 1906-ல் முடிந்தபோதும், தண்ணீர் புது வழியில் வருகிறதே என்று யாரும் வயலை வாடவிடவில்லை.

இப்போது அதே ஊர்களில், மரச்சீனிக்குச் சற்று முன்னால் வந்த இன்னொரு புதுசைப் பாருங்கள். பெண்கள் தோளில் போட்ட ஒரு துணி.

பழைய திருவிதாங்கூரில் உடுப்பு என்பது படிநிலையின் அடையாளம். தனக்கு மேலே உள்ளவர் முன்னால் மார்பை மறைக்காமல் நிற்பதே மரியாதை. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நாயர் பெண்களும் தங்களுக்கு மேலானவர் முன்னாலும் சந்நிதியிலும் தோளில் போட்ட மேல்முண்டை இறக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு படியும் மேல்படிக்குத் துணியை இறக்கியது. கீழே இருந்தவர்களுக்கு இறக்குவதற்குத் துணியே கிடையாது. லண்டன் மிஷன் என்ற கிறிஸ்தவ ஊழிய அமைப்பு இங்கே வந்தபின், கிறிஸ்தவரான நாடார் பெண்கள் மேலுடுப்பு உடுத்தத் தொடங்கினார்கள். 1810-களில் பிரிட்டிஷாரின் பிரதிநிதியான ரெசிடெண்டாகவும், முதல் மந்திரியான திவானாகவும் இருந்த கர்னல் மன்றோ, சிரியன் கிறிஸ்தவப் பெண்களைப் போலக் குப்பாயம் என்ற சட்டை போடலாம் என்று உத்தரவு கொடுத்தார். பெண்கள் அதோடு நிற்கவில்லை. குப்பாயத்துக்கு மேலே, நாயர் பெண்கள் போடுவதுபோல ஒரு தோள்சீலையும் போட்டார்கள். கலகம் தொடங்கியது அங்கேதான். 1820-களின் தொடக்கத்தில் ஒரு முறை, அந்தப் பத்தாண்டின் கடைசியில் ஒரு முறை, 1858-59-ல் இன்னொரு முறை. சந்தையில் மேல்சாதிக்காரர்கள் பெண்களின் துணியைக் கிழித்தார்கள். வீடுகளும் ஜெபக்கூடங்களும் எரிந்தன. 1829-ல் அரசாங்கமே தோள்சீலைக்கு உரிமையில்லை என்று விளம்பரம், அதாவது அரசு அறிவிப்பு, போட்டது. குப்பாயம் மட்டும் போதும் என்றது.

கடைசியில் சென்னை அரசாங்கத்தின் நெருக்குதலுக்குப் பிறகு 1859 ஜூலை 26 அன்று உத்திரம் திருநாள் மகாராஜா ஒரு விளம்பரம் வெளியிட்டார். நாடார் பெண்கள், எந்த மதமானாலும், மார்பை மறைத்துக்கொள்ளலாம். குப்பாயம் போடலாம், அல்லது மீனவப் பெண்களைப்போல முரட்டுத் துணி கட்டலாம். ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்துவதுபோல மட்டும் உடுத்தக் கூடாது.

அந்தக் கடைசி வரியை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் கொஞ்ச நேரம் நிறுத்துவேன். சண்டை துணிக்காக என்றால், மறைத்துக்கொள்ளலாம் என்று சொன்ன இடத்திலேயே விஷயம் முடிந்திருக்கும். பிறகு எதற்கு அந்த நிபந்தனை? தெருவில் நடந்து வருகிறவள் எந்தப் படி என்று தூரத்திலிருந்தே தெரிய வேண்டும். அந்த அடையாளம் அழியக் கூடாது என்பதுதான் ஐம்பது வருடச் சண்டையின் உள்ளடக்கம். வெளியில் அவர்கள் பேசியதோ, பண்டைய வழக்கம் கெடுகிறது என்று. உங்கள் கமிட்டிக்காரர்கள் சொன்ன அதே சொல்.

சட்டம் வந்ததும் எல்லாம் மாறிவிடவும் இல்லை. இது எங்கள் வீட்டுக் கதை. என் பாட்டி சிறுமியாக இருந்தபோது அவளுடைய பாட்டி உயிரோடு இருந்தாள். 1859-ல் அவள் கல்யாண வயதுப் பெண். 1900-களில் பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தக் கிழவி சந்தைக்குப் போவாள். எதிரே பெரிய வீட்டுக்காரர் யாராவது வந்தால், அவள் கை தானாகத் தோளுக்குப் போகுமாம். துணியை இறக்கமாட்டாள். விரல் மட்டும் அந்த ஓரத்தைத் தொட்டு நிற்கும். அவர் கடந்து போனதும் கை கீழே வரும். “ஏன் பாட்டி?” என்று கேட்டால், “என்ன ஏன்?” என்று திருப்பிக் கேட்பாளாம். தன் கை போனது அவளுக்கே தெரியவில்லை. விளம்பரம் வந்து நாற்பது வருடம் தாண்டியும் அந்தக் கை மாறவில்லை.

‘பழையன கழிதலும் புதியன புகுதலும் வழுவல’ என்பதை இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் யாராவது எடுத்துவிடுவார்கள். நன்னூலில் பவணந்தியார் அதைச் சொன்னது சொற்களைப் பற்றி. ஒரு புதுச் சொல் மொழிக்குள் வருவதற்கு யாரும் திண்ணையை விட்டு எழுந்திருக்க வேண்டியதில்லை. அதனால் அது வழுவல. மனிதர் ஏறி வருவதற்கோ யாராவது கொஞ்சம் நகர வேண்டியிருக்கிறது. நம் மொழியே இதைத் தெரிந்துதான் வைத்திருக்கிறது. மாறு என்ற வேரிலிருந்துதான் மாற்றமும் வருகிறது, பகைவனைக் குறிக்கும் மாற்றானும் வருகிறான், மாற்றாந்தாயும் வருகிறாள். பொன்னின் தரத்துக்கும் மாற்று என்றுதான் பெயர். குறளில் ‘மாற்றம் கொடுத்தல்’ என்றால் சபையில் மறுமொழி சொல்வது. தோள்சீலை போட்டுக்கொண்டு சந்தைக்கு நடந்த பெண்களை நினைக்கும்போது எனக்கு அந்தப் பழைய பொருள்தான் முன்னால் வருகிறது.

அந்தக் காலத்திலேயே சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் வேறொரு வழி கண்டார். 1809-ல் பிறந்து 1851 வரை வாழ்ந்தவர். மன்னர் சிறையிலும் இருந்தார். தலையில் முண்டாசு கட்ட உரிமையில்லாத ஆட்களிடம், கடவுள் முன்னால் வரும்போது தலைப்பாகை கட்டி வா என்றார். எல்லாரும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்க முத்திரிக் கிணறு வெட்டினார். கண்ணாடி முன்னால் நின்று கும்பிட வைத்தார். இப்போது சாமித்தோப்புக்குப் போகிற ஆண் தலைப்பாகை இல்லாமல் உள்ளே போகக் கூடாது. ஒரு நாள் தடை மீறலாக இருந்தது, இன்று வழிபாட்டு ஒழுங்கு. போராட்டத்தை வழிபாட்டுக்குள் வைத்துவிட்டதால், ஆண்டுதோறும் அதைக் கைகளால் செய்து பார்க்கிறார்கள்.

உங்களிடம் சொல்ல வேண்டிய முக்கியமான ஒன்று இனிமேல்தான் வருகிறது. எதிர்ப்பவர் எல்லாரும் படியைக் காக்கிறவர் என்று நானும் வெகுகாலம் நினைத்திருந்தேன். அது தவறு என்று எனக்குக் காட்டியது என் பாட்டிதான்.

1973-ல் என் அக்கா நர்சிங் படிக்கப் போனாள். அந்த நாளில் எங்கள் பக்கத்து வீடுகளில் பாதிப் பெண் பிள்ளைகளின் கனவு அது. முதல் விடுமுறைக்கு வந்தபோது, சீருடையைப் போட்டுக் காட்டு என்று அம்மா சொன்னாள். வெள்ளை ஃபிராக், முட்டுக்குக் கீழே வரை. அறையிலிருந்து அக்கா வெளியே வந்தாள். பாட்டி திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தாள். உலக்கை நின்றது.

“தோளில ஒரு துணி கெடக்கண்டாமா பிள்ளே?”

அக்கா சிரித்தாள். “பாட்டி, அங்க எல்லாருக்கும் இதாக்கும் உடுப்பு.”

பாட்டி சிரிக்கவில்லை. “இந்தத் துணிக்காக்கும் எனக்க பாட்டிய சந்தையில போட்டு அடிச்சது” என்றாள். அன்றிரவு அவள் சாப்பிடவில்லை.

பதினைந்து வயதுப் பையனாக இருந்த எனக்கு, கிழவி பழமை பேசுகிறாள் என்றுதான் பட்டது. பல வருடம் கழித்து, 1859 விளம்பரத்தை முழுதாகப் படித்த பிறகுதான் புரிந்தது. அவள் காத்தது பழமையை இல்லை. தன் பாட்டி அடி வாங்கிச் சம்பாதித்த ஒரு புதுசை. அது கைவிட்டுப் போய்விடுமோ என்று பயந்தாள். வெளியே கேட்பதற்கு அவள் சொன்னதும் கமிட்டிக்காரர் சொல்வதும் ஒரே மாதிரிதான் இருக்கும். உள்ளே இருப்பது நேர்மாறு. ஒருவர் தன் படி இறங்கும் என்று பயப்படுகிறார். மற்றவர் பட்டபாடு வீணாகும் என்று பயப்படுகிறார். இரண்டையும் ஒரே தராசில் போட்டு ‘பழைமைவாதிகள்’ என்று சொல்லிவிடுவது, ஊரை மாற்ற நினைக்கிற இளைஞர்கள் செய்யும் பெரிய தவறு.

மறுநாள் காலையில் அக்கா அந்தச் சீருடையோடு சேர்ந்த ஏப்ரனை எடுத்துவந்து பாட்டியின் மடியில் வைத்தாள். கஞ்சி போட்டு மடித்த வெள்ளைத் துணி. இரண்டு தோளுக்கும் மேலே போய் முதுகில் கட்டுகிற பட்டை அதில் உண்டு. “வார்டுக்குப் போகும்போ இதையும் போடணும்” என்றாள். பாட்டி அந்தப் பட்டையை விரலால் நீட்டி, அக்காவின் தோளில் வைத்து அகலம் பார்த்தாள். “இது போரும்” என்றாள்.

பெரிய வரலாற்றிலும் இதே குழப்பம் உண்டு. ஒவ்வொரு புரட்டாசியிலும் நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதியும், வேளிமலை முருகனும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரம் புறப்படுவதை நீங்கள் களியக்காவிளையில் பார்த்திருப்பீர்கள். யானையும் பல்லக்கும் மன்னரின் உடைவாளும் எல்லையைத் தாண்டும்போது இரண்டு மாநிலப் போலீசும் மரியாதை செலுத்துகிறது. ஆதிகாலம் தொட்டு நடப்பது என்று கூட்டத்தில் சொல்வார்கள். தலைநகரம் 1790-களில் பத்மநாபபுரத்தை விட்டுப் போகாமல் இருந்திருந்தால் இந்த ஊர்வலத்துக்கே வேலையில்லை. ஒரு பிரிவிலிருந்து பிறந்த வழக்கம் இது. 1956 நவம்பர் 1 அன்று எல்லை மாறியது. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கும் தமிழ்நாட்டுக்கு வந்தன. தேவிகுளமும் பீருமேடும் அந்தப் பக்கமே நின்றன. தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்ட போராட்டத்தில் 1954-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் உயிர் போனது. இத்தனைக்குப் பிறகும் பத்மநாபபுரம் அரண்மனை மட்டும் கேரள அரசின் பொறுப்பில், தமிழ்நாட்டு மண்ணில் நிற்கிறது. சாமிகள் பழையபடி போய் வருகின்றன. எல்லை மாறியது இந்த ஊர்வலத்துக்குள் யாருடைய இடத்தையும் தொடவில்லை, அதனால் அதற்குத் தடையும் வரவில்லை.

சொத்து பிள்ளைகளுக்கு இல்லாமல் சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும் மருமக்கள் வழி போனதைப் பற்றியும் ஒரு வார்த்தை. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை நாஞ்சில்நாட்டு மருமக்கள் வழியைப் பாட்டிலேயே கிழித்தார். 1926-ல் நாஞ்சில்நாட்டு வெள்ளாளருக்குத் தனிச் சட்டம் வந்தது. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சொத்தில் கால் ஊன்ற இடம் கிடைத்தது, நல்லதுதான். ஆனால் வடக்கே தறவாடு எனும் தாய்வழிக் கூட்டுக் குடும்பங்கள் பிரிந்தபோது, பிறந்த வீடு கடைசிவரை தன் வீடு என்றிருந்த பெண்களுக்கு அந்த நிழல் போயிற்று. மாற்றம் எல்லாம் ஏற்றம் என்று நான் சொல்லவில்லை என்பதற்காக இதைச் சொன்னேன்.

கோயில் நுழைவுக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வியும் கோயிலைப் பற்றியது. 1925-ல் காந்தியார் கன்னியாகுமரிக்கு வந்தபோது, கடல் கடந்து போய் வந்தவர் என்று அம்மன் சந்நிதிக்குள் விடவில்லை. மறு வருடம் சுசீந்திரத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடப்பதற்கே சத்தியாக்கிரகம் நடந்தது. 1936 நவம்பர் 12 அன்று சித்திரைத் திருநாள் மகாராஜாவின் விளம்பரம் வந்து அரசுக் கோயில்கள் எல்லா இந்துக்களுக்கும் திறந்தன. 1937 ஜனவரியில் காந்தியார் திரும்பி வந்து, விலக்கப்பட்டிருந்தவர்களோடு சேர்ந்தே கோயில்களுக்குள் போனார். பத்து, பன்னிரண்டு வருட இடைவெளிதான். இன்று அந்தத் தெருவில் அப்படியொரு தடை இருந்தது என்று சொன்னால் கல்லூரிப் பிள்ளைகள் நம்புவதில்லை. ‘எங்க சாமி எப்பவுமே எல்லாருக்கும் பொது’ என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த ‘எப்பவுமே’ நடந்தவர்களையும் அடிபட்டவர்களையும் துடைத்துவிடுகிறது. சமூகம் ஒரு மாற்றத்தைத் தோற்றுப்போய் ஏற்றுக்கொள்ளும்போது, தோற்றதைத்தான் முதலில் மறக்கிறது. அதனால்தான் அடுத்த முறையும் அதே சொல்லோடு எழுந்து நிற்க அதற்கு வெட்கம் வருவதில்லை.

இனி உங்கள் கமிட்டி. கூட்டத்தில் முற்போக்கு, பிற்போக்கு என்று பேசாதீர்கள். பேசினால் இரண்டு கட்சியாகிவிடும். முதலில் உங்கள் குடும்பத்துப் பெரியம்மை, சித்தி, மாமிமாரிடம் தனித்தனியாகப் போய்ப் பேசுங்கள். அவர்களில் யாராவது வேண்டாம் என்றால் காரணத்தைப் பொறுமையாகக் கேளுங்கள். என் பாட்டியைப்போல ஏதோ ஒன்றைக் காத்துக்கொண்டிருக்கலாம். கொடை நாளில் சமையற்கட்டு முழுக்கத் தங்கள் பொறுப்பு என்று ஒரு பிடி அவர்களுக்கு இருக்கும். கமிட்டியில் ஒரு நாற்காலி கொடுத்து அந்தப் பிடியைப் பறித்துவிடுவார்களோ என்று பயந்தால், அந்தப் பயத்துக்கு நீங்கள் பதில் வைத்திருக்க வேண்டும்.

பிறகு கமிட்டி எந்த வருடம் தொடங்கியது என்று விசாரியுங்கள். நம் பக்கத்துக் குடும்பக் கோயில்களில் ரசீது புத்தகமும் செயலாளர் பொருளாளர் பட்டமும் வந்து அதிக காலம் ஆகவில்லை. அதற்கு முன்னால் குடும்பத் தலைவரான மூத்த காரணவர் ஒருவர் சொன்னதுதான் முடிவு. அவர் கையிலிருந்து ஏழு பேர் கமிட்டிக்குப் போனபோது, அது வழக்கமில்லை என்று யாராவது சொன்னார்களா என்று வயதானவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக, வீட்டுக்கு வீடு கோயிலுக்குக் கட்டும் தலைக்கட்டு வரியின் நோட்டு. ஆண் இறந்துபோய் அல்லது வெளிநாட்டில் இருந்து, பெண்ணே வரி கட்டுகிற வீடு எத்தனை என்று பழைய நோட்டுகளிலிருந்து எண்ணி எடுங்கள். எங்கள் கோயிலில் நான் எண்ணிய வருடம் அப்படி ஒன்பது வீடு இருந்தது. ரசீதில் மட்டும் செத்துப்போன கணவர் பெயரையே எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்த ஒன்பது பெயரையும் ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, கூட்டத்தில் வாசிக்காமல், பொருளாளர் கையில் கொடுத்தேன். அடுத்த வருட ரசீது அவரவர் பெயரில் வந்தது. கமிட்டிக்கு ஒருவர் வர அதற்குமேல் இரண்டு கொடை ஆயிற்று.